புரோசசருக்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 14, ஞாயிறு

இவர் மஸ்கட்டிலிருந்து வந்து இன்றோடு ஒன்பது நாள். வீட்டிலுள்ள சுவிட்சுகளையெல்லாம் கழற்றி மாட்டிவிட்டார். மாட்டியதோடு விட்டாரா, ஒவ்வொன்றுக்கும் கீழே ‘ஹால் ஃபேன்’, ‘ஹால் லைட்’ என்று எழுதி ஒட்டியும் இருக்கிறார். எந்த சுவிட்ச் எதற்கு என்று தெரியாமலா பதினாலு வருஷம் இந்த வீட்டில் குப்பை கொட்டினேன்? கேட்கவில்லை. வந்த மனுஷரிடம் எதற்கு வம்பு.

டீயும் இவர்தான் போடுகிறார். எட்டுப் பேருக்கு. அங்கே ரூமில் எட்டுப் பேராம், கை அந்த அளவிலேயே நிற்கிறது. நானும் ரோஸியும் நாள் முழுக்க டீயாகக் குடித்துத் தீர்க்கிறோம். ரோஸி என் எம்பிராய்டரி மெஷினை ஓட்டுகிற பெண். நான் கம்ப்யூட்டரில் டிசைனை வரைந்து தையலாக மாற்றிக் கொடுப்பேன், அவள் ஜாக்கெட் துணியில் ஏற்றுவாள். பட்டுக்கோட்டையில் பாதிக் கல்யாணப் பெண்களின் முதுகு எங்கள் கைவண்ணம்தான்.

கம்பெனி சூப்பர்வைசர் பிரான்சிஸ் சார் அக்டோபர் எட்டாம் தேதிவரை இவருக்குக் கெடு கொடுத்திருக்கிறாராம். வருகிறேன் என்றால் டிக்கெட் போடுவார். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள். சாப்பிடும்போது, “நீ என்ன வல்லி சொல்ற?” என்று கேட்டார்.

“உங்க இஷ்டம்” என்றேன். ஒவ்வொரு லீவிலும் கேட்பார், ஒவ்வொரு லீவிலும் நான் சொல்வது இதுதான். ரசம் ஊற்றினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மல்லிப்பட்டினத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். பூங்கோதை என்று பெயர். மயில் படம், கோபுரப் படம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. போனை நீட்டினாள். அதில் ஒரு மீன்பிடி விசைப்படகு.

“எங்கப்பா போட்டுக்கா. இத அப்படியே முதுகுல வேணும். வலையோட.”

“வலையோடவா?”

“ஆமாக்கா. நம்பரும் வேணும். நம்பர் இல்லாம கடலுக்கு விடமாட்டாங்க.”

ரோஸி சிரித்த சிரிப்பில் பாபின் உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. கல்யாணம் அக்டோபர் 24. தையற்காரருக்குத் துணி பன்னிரண்டாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

வலையை ஓர் அங்குலம் நகர்த்தினேன். திரை உறைந்து நின்றது. போய் வெங்காயம் உரித்து, வதக்கி, சட்னி அரைத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் நகர்ந்திருந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். யாராவது பின்னால் நின்றால் எனக்கு வேலை ஓடாது.

“ஒவ்வொரு கண்ணியா அது கணக்குப் போடணும்ல. உன் புரோசசர் ரொம்பப் பழசு வல்லி. மாத்திடலாம்.”

“என் கம்ப்யூட்டர்ல யாரும் கை வைக்க வேண்டாம்.”

“நான் யாரோவா? எலக்ட்ரீஷியன்டீ நான்.”

“சுவிட்சுக்குப் பேரு எழுதி ஒட்டுற மாதிரி இல்ல இது.”

கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கம்ப்யூட்டரைப் பழசாக வாங்கி, ஒரு ஆள் சொல்லிக் கொடுக்காமல் நானாகக் கற்றுக்கொண்டேன். மகள் அருள்மொழிக்கு டைபாய்டு வந்த வாரம்கூட ஒரு கையில் அவளுக்குக் கஞ்சி, ஒரு கையில் மவுஸ். அப்போதெல்லாம் இவர் எங்கே இருந்தார்?

மத்தியானம் நெத்திலி வறுத்தேன். இவருக்கு நெத்திலி என்றால் உயிர். அதற்காக வாங்கவில்லை, மலிவாக வந்தது, வாங்கினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சொல்லாமல் கொள்ளாமல் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிவிட்டார். பாக்கெட்டில் என் மதர்போர்டின் நம்பர் எழுதிய சீட்டு. நான் குளிக்கப் போன நேரத்தில் கேபினெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்! ரோஸிக்குத் தெரியும். கேட்டால், “அண்ணன் சொல்ல வேணாம்னாங்கக்கா” என்கிறாள். யாரிடம் வேலை பார்க்கிறாள் இவள்?

சாயங்காலம் தட்டில் இட்லிகளை நகர்த்தி நகர்த்தி விளக்கினார்.

“இப்ப உள்ள இருக்கறது ஐ3. ரெண்டு அடுப்புன்னு வச்சுக்க. நீ ஒரே நேரத்துல சோறு, கொழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் கேக்குற. அது என்ன பண்ணும்? ஐ7ன்னா நாலு அடுப்பு. தீயும் ஜாஸ்தி.”

“புது கம்ப்யூட்டரே வாங்கணுமோ?”

“வேணாம். போர்டு அப்படியே இருக்கும், அடுப்ப மட்டும் மாத்தறோம். ஆனா இந்த போர்டுக்கு அந்தக் காலத்து ஐ7தான் உக்காரும். கடைக்கார ஜாகிர் பாய் திருச்சியிலேர்ந்து வரவழைக்கிறேன்னுட்டார்.”

அடுப்பு என்று சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. அதை நான் காட்டிக்கொள்ளவில்லை. முதலில் என் டிசைன்கள் அத்தனையையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி என் கையில் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். சரி சரி என்று தலையாட்டினார். பதினாலு வருஷத்தில் இவ்வளவு நேரம் ஒரே விஷயத்தைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. போனில் பேசினால் ‘சாப்பிட்டியா, பாப்பா படிக்குதா’வோடு முடிந்துவிடும்.

செப்டம்பர் 27, சனி

புதுப் புரோசசரை அடையாளம் தெரிந்துகொள்ள, போர்டுக்குள் இருக்கிற ஏதோ ஒரு மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டுமாம். பாதியில் கரண்ட் போனால் போர்டே போச்சாம். இவர் மின்சார ஆபீசுக்குப் போன் போட்டு, “சார், பதினொரு மணியிலேர்ந்து பதினொண்ணே கால் வரைக்கும் கரண்ட் இருக்குமா?” என்று கேட்டார். எதற்கு என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். “ஒரு சின்ன ஆபரேஷன்” என்றார். போன் எடுத்தவர் பயந்துபோய் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தாராம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

வந்துவிட்டது ஐ7. தீப்பெட்டியைவிடச் சின்னது. மேலே வெள்ளி போல வழவழப்பு, அடியில் பொடிப்பொடியாகத் தங்கப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் கை படக்கூடாது என்று ஓரத்தைப் பிடித்துக் காட்டினார். பிறந்த குழந்தையைக்கூட இவர் இவ்வளவு பதமாகப் பிடித்ததில்லை. மஸ்கட்டுக்கு முன்னாலும் வெளியூர் வேலைதான், அருள்மொழி பிறந்தபோது பக்கத்தில் இருந்தால்தானே பிடிப்பதற்கு.

இன்றே மாட்டலாம் என்றார். நாளை மறுநாள் ஆயுதபூஜை. பூஜையில் வைத்துவிட்டு விஜயதசமி அன்று மாட்டுவோம் என்றேன். நல்ல நாளில் தொடங்கினால் நல்லதுதானே. ஒத்துக்கொண்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. மெஷினைத் துடைத்து மாலை போட்டோம். பலகையில் கத்தரிக்கோல், ஊசி டப்பா, துணி மாட்டும் வளையங்கள். ரோஸி சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் அவளுடைய கத்தரிக்கோலுக்கு நான் பொட்டு வைக்காவிட்டால் அன்றைக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வருஷாவருஷம் நடப்பது.

இந்த வருஷம் புதிதாக வந்து சேர்ந்தவை இவருடைய டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர். இவர் லீவு எப்போதும் பொங்கலை ஒட்டித்தான் வரும். ஆயுதபூஜைக்கு இவர் வீட்டில் இருப்பது பதினாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பொரித் தட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். புதுச் சட்டை. தலையைப் படிய வாரியிருந்தார். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். புரோசசர் முறை வந்தது. அந்த வழவழப்பின் நட்டநடுவில் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன்.

“வல்லி, அதுக்கு வேணாமே” என்றார் மெதுவாக.

“ஏன், அது மட்டும் ஆயுதம் இல்லையா?”

பொரித் தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். சூடம் காட்டினேன். சுண்டல் நன்றாக வெந்திருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. இவர் மாட்டினார், ரோஸி டார்ச் பிடித்தாள். எனக்குப் பக்கத்தில் நிற்கத் தைரியம் இல்லை. கொல்லையில் உட்கார்ந்து நேற்றே துலக்கிய பாத்திரத்தை மறுபடி துலக்கினேன். நெறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிவந்தேன். புரோசசர்மேல் லீவரை அழுத்தி மூடும்போது அப்படித்தான் சத்தம் வருமாம். பாதி உயிர் போய்விட்டது எனக்கு.

கம்ப்யூட்டர் ஓடியது! என்ன வேகம் என்கிறீர்கள். வலையைத் தொட்டு இழுத்தேன், விரலோடு கூடவே வந்தது. படகைத் திருப்பினேன், திரும்பியது. “அய்யோ அக்கா, பறக்குது!” என்று ரோஸி குதித்தாள். இவர் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் பெரிதாகச் செய்யாதவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

சரியாகப் பத்து நிமிஷம். படக்கென்று அணைந்தது.

மறுபடி போட்டோம். மறுபடி அணைந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று பதினொரு முறை.

அக்டோபர் 4, சனி

ஜாகிர் பாயிடம் போனில் பேசினார். சூடு ஏறினால் அது தன்னைத் தானே அணைத்துக்கொள்ளுமாம். “புரோசசருக்கும் அதுமேல உக்கார்ற ஃபேனுக்கும் நடுவுல பேஸ்ட் போட்டீங்களா?” என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. “போட்டேன் பாய்” என்றார் இவர். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

கேபினெட்டைத் திறந்து வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டார். இருபது நிமிஷம் ஓடியது. ரோஸி ஒரு அட்டையை எடுத்து விசிறினாள். இருபத்திரண்டு.

அக்டோபர் 5, ஞாயிறு

கத்திவிட்டேன். மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டீர்களே, அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன், வந்த நாளிலிருந்து எதையாவது கழற்றிக்கொண்டே இருக்கிறீர்களே என்று.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். “பழசையே மாட்டிக் குடுத்துடறேன். பிரான்சிஸ் சார்ட்ட வரேன்னு சொல்லிடறேன் வல்லி. அங்கன்னா எனக்கு வேலை தெரியும். இங்க எல்லாம் நீயே பாத்துக்கிற. நான் நடுவுல வந்து நிக்கிறேன்.”

“உங்க இஷ்டம்” என்றேன்.

சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

பரண்மேல் இருந்த பெட்டி கீழே வந்திருக்கிறது. தூசி தட்டி வெயிலில் வைத்திருக்கிறார். ரோஸி என்னைப் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோக்கப் போனேன். நாலு தடவை முயன்றும் நுழையவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

பழைய புரோசசரை மாட்ட இவர் உட்கார்ந்தார். எனக்கு மனசு ஆறவில்லை. அணைவதற்குள் ஒரு தடவை பார்ப்போம் என்று, சூட்டைக் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பது டிகிரி! ஃபேனின் அடிப்பாகத்தை விரலால் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. கீழே கொதிக்கிறது, சூடு மேலே வரவே இல்லை. அப்படியென்றால் நடுவில்தான் ஏதோ கோளாறு.

“பேஸ்ட்டை எப்படிப் போட்டீங்க?”

இவர் குனிந்து ஸ்க்ரூவைத் தேடினார். ரோஸிதான் சொன்னாள். “அண்ணன் சூப்பரா போட்டாங்கக்கா. பொட்டச் சுத்தி வட்டமா, கோலம் மாதிரி.”

“எந்தப் பொட்டு?”

“நீங்க வச்ச பொட்டுதான்.”

இவரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்துபோன சந்தனக் கட்டிமேல் ஃபேனை வைத்தால் அது எப்படிப் படிந்து உட்காரும்? இலை நடுவில் கல்லை வைத்துப் பந்தி போட்டிருக்கிறார் மனுஷர்!

“எலக்ட்ரீஷியன்னு சொன்னீங்களே! தொடைச்சிட்டுப் போடணும்னு தெரியாதா?”

“தெரியும்.”

“அப்பறம்?”

“ஒவ்வொரு வருஷமும் பூசை முடிஞ்சு நீ போன்ல சொல்லுவ. இதுக்கு வச்சேன், அதுக்கு வச்சேன்னு. இந்த வருஷம்தான் பக்கத்துல நின்னு பாத்தேன். நீ வச்சத என் கையால எப்படி வல்லி தொடைக்கிறது? சந்தனம்தானே, ஃபேன் சமாளிச்சுக்கும்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டேன். ரோஸி சிரிக்க, இவரும் சிரிக்க, பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. பொட்டு வைத்தது நான், திட்டு வாங்கியது இவர். மூன்று நாளாக வாயைத் திறக்காமல் வாங்கியிருக்கிறார்.

ரோஸி மெடிக்கலுக்கு ஓடிப்போய் ஸ்பிரிட் வாங்கி வந்தாள். பொட்டை நானே துடைத்தேன். கண்ணாடி மாதிரி ஆக்கினேன். இவர் புதிதாக ஓர் உளுந்து அளவு பேஸ்ட் வைத்து, ஃபேனை மேலே இறக்கி, குறுக்குக் குறுக்காக இரண்டு பின்களை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். அழுத்திய நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது.

“எடு வல்லி. கைய எடுத்தா ஒரு பக்கம் தூக்கிக்கும்.”

எடுத்தேன். பிரான்சிஸ் சார். இவர் காதில் வைத்துப் பிடித்தேன். நாகர்கோவில்காரர், சத்தமாகப் பேசுவார், எனக்கே நன்றாகக் கேட்டது.

“மதியழகா, நாளைக்கு கடைசி கேட்டியா? டிக்கெட் போடட்டா? ஒண்ணு சொல்லு மக்கா.”

இவர் என்னைப் பார்த்தார். “என்ன சொல்லட்டும் வல்லி?”

அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. பழகிய வாய் அல்லவா. ஆனால் எதிரில் நின்ற இந்த ஆளைப் பார்த்தேன். முழங்கைவரை பேஸ்ட், நெற்றியில் வியர்வை, நான் வைத்த ஒரு பொட்டை அழிக்க மனசில்லாதவர். எனக்கு இவர் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். பதினாலு வருஷமாக இதைத்தான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

போனை என் காதுக்குக் கொண்டுவந்தேன்.

“சார், நான் அவரு வீட்டுக்காரி பேசறேன். அவரு வரல சார்.”

“அவன்கிட்ட கேட்டியாம்மா?”

“அவருதான் சார் பதினாலு வருஷமா என்னைக் கேட்டுக்கிட்டு இருக்காரு. நான் இப்பதான் பதில் சொல்றேன்.”

அந்தப் பக்கம் யாரிடமோ டிக்கெட் வேண்டாம் என்று சொன்னது கேட்டது. பிறகு பிரான்சிஸ் சார், “நல்லா இருங்கம்மா” என்றார். வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் உறைத்தது. கேட்காமல் சொல்லிவிட்டேனே, கோபப்படுவாரோ என்று நினைத்தேன். இவர் அப்படியே அழுத்திப் பிடித்தபடி நின்றார். மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“மூக்கத் தொடைச்சு விடு. கைய எடுக்க முடியாது.”

“அழுவறீங்களா?”

“வேர்வை.”

முந்தானையால் துடைத்துவிட்டேன். ரோஸி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், நல்ல பெண்.

“ஏன்டீ இத்தன வருஷம் சொல்லல?”

“முடிவு பண்ணிட்டு ஒப்புக்குக் கேக்குறீங்கன்னு நெனச்சேன்.”

“நீ போகாதன்னு சொல்லிடுவன்னுதானே ஒவ்வொரு தடவையும் கேட்டேன்.”

டிக் டிக்கென்று இரண்டு பின்னும் உட்கார்ந்தன. மற்ற இரண்டையும் அழுத்தினார். கம்ப்யூட்டரைப் போட்டோம். ஐம்பத்திரண்டு டிகிரி. அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆனது. அணையவில்லை.

நர்சிங் ஹாஸ்டலில் இருக்கும் அருள்மொழிக்குப் போன் செய்து சொன்னேன். “அப்பா போகலையா? நெஜமாவா?” என்று ஹாஸ்டலே அதிரக் கத்தினாள். யாருக்கோ ஊசி போடப் பழகிக்கொண்டிருந்தாளாம். நல்லவேளை, பொம்மைக்கு.

அக்டோபர் 8, புதன்

நெத்திலி விலை ஏறிவிட்டது. இருந்தாலும் வாங்கினேன். இவருக்காகத்தான் வாங்கினேன்.

அக்டோபர் 11, சனி

படகு துணியில் ஏறியது. எண்பத்து நாலாயிரம் தையல். வலை, கொடி, நம்பர் எதுவும் பாக்கியில்லை. மூன்று பேரும் மெஷின் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். நூல் அறுந்தால் இவர் எனக்கு முன்னால் எழுந்து ஓடுகிறார். இவருக்கு மெஷின் கற்றுக்கொடுக்கச் சொல்லி ரோஸியிடம் சொல்லியிருக்கிறேன். “அண்ணன் எனக்குக் கீழ வேலை பாப்பாங்களா?” என்றாள். “பார்ப்பேன்” என்றார்.

பூங்கோதை அவளுடைய அப்பாவோடு வந்தாள். அவர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நம்பரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். பிறகு, “கொடி எந்தப் பக்கம் பறக்குதோ, புகையும் அந்தப் பக்கம்தாம்மா போகணும்” என்றார். புகையை எதிர்ப்பக்கம் வைத்திருந்தேன். உள்ளே போய்த் திருத்தினேன். அதுவும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. இன்னொரு துணியில் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். பழையதைத் தான் வைத்துக்கொள்வதாக அவரே வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

மல்லிப்பட்டினத்தில் கல்யாணம். பெண் மேடையில் மாப்பிள்ளைப் பக்கம் திரும்பியபோதெல்லாம் எங்கள் படகு தெரிந்தது. போட்டோக்காரர் முகத்தை விட்டுவிட்டு முதுகையே எடுத்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் இவர் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மஸ்கட்டில் ஒரே ரூமில் இருந்தவராம், லீவில் வந்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டால் வணக்கத்துக்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. “எப்ப பயணம் மதி?” என்றார்.

இவர் வாய் நிறையப் பாயசம். என்னைப் பார்த்தார்.

“பயணம் இல்லண்ணே” என்றேன். “இங்கதான் இருக்காரு. என்னோட.”

எதிர்வரிசைக்குக் கேட்கிற அளவுக்குச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இதைச் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் பதினாலு வருஷத்துக்கு முன்னாலேயே விமான நிலைய வாசலில் நின்று கத்தியிருப்பேன்.